பதினைந்து ஆண்டுப் புழுவும் ஓராண்டு பட்ஜெட்டும்

மேற்கு ஆப்பிரிக்காவில் வெள்ளை வோல்ட்டா, சிவப்பு வோல்ட்டா, கருப்பு வோல்ட்டா என்று மூன்று ஆறுகள் ஓடுகின்றன. அவை ஓடும் நாட்டுக்கு 1984 வரை அப்பர் வோல்ட்டா என்றே பெயர். இன்று புர்கினா ஃபாசோ. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு அந்த ஆறுகளின் கரையில் நல்ல மண் இருந்தது, நீர் இருந்தது, நிழல் இருந்தது. மனிதர்கள்தான் இல்லை. ஊர்கள் ஆற்றை விட்டு வெகுதூரம் தள்ளி, மேட்டு நிலத்தில், மழை பெய்தால் மட்டும் கம்பும் சோளமும் விளையும் சாரமற்ற மண்ணில் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. தண்ணீரைத் தேடிப்போய்க் குடியேறுவதுதான் உலக வழக்கம். இங்கே தண்ணீருக்குப் பயந்து ஜனங்கள் ஓடியிருந்தார்கள்.

காரணம் ஓர் ஈ.

சிமுலியம் என்று பெயர். கருப்பாக, கூன் விழுந்த முதுகோடு, சில மில்லிமீட்டர் நீளத்தில் இருக்கும். கொசுவுக்குத் தேங்கிய நீர் பிடிக்கும் என்றால் இதற்கு நேர்மாறாகப் பாறையில் மோதி நுரைத்து ஓடும் நீர்தான் வேண்டும், ஏனென்றால் அதில்தான் ஆக்சிஜன் அதிகம் கரைந்திருக்கும். முட்டையிலிருந்து வெளிவரும் லார்வா நீருக்கடியில் ஒரு கல்லையோ செடியையோ கெட்டியாகப் பற்றிக்கொண்டு, தலையிலுள்ள விசிறி போன்ற உறுப்பை விரித்து, நீரோட்டம் கொண்டுவரும் துணுக்குகளை வடிகட்டித் தின்று வளர்கிறது. வளர்ந்த பெண் ஈக்கு முட்டை முதிர ரத்தம் தேவை. அது கடிப்பது பகலில். வயலில் களையெடுக்கும்போது, ஆற்றில் தண்ணீர் மொள்ளும்போது, மீன் பிடிக்கும்போது.

கடி வலிக்கும், தடிக்கும், போய்விடும். அந்தக் கடியோடு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போய்ச் சேரும் உருளைப்புழு போவதில்லை. ஆங்கோசெர்கா வால்வுலஸ் என்ற அந்தப் புழுவில் பெண் கிட்டத்தட்ட ஒரு முழ நீளம், நூல்போல மெலிந்தது. தோலுக்கடியில் சுருண்டு ஒரு சிறு கட்டிக்குள் குடியிருக்கும். உடலின் காவல்படை அதைக் கண்டுகொள்வதில்லை. பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் வரை அங்கேயே உயிரோடு இருந்து, நாள்தோறும் ஆயிரம் அளவில் குஞ்சுகளை ஈனும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் குஞ்சுப் புழுக்கள் தோலெங்கும் ஊர்ந்து திரியும். ஈ மறுபடி கடிக்கும்போது சில அதனோடு போகும். மற்றவை ஓரிரு ஆண்டுகளில் தோலுக்குள்ளேயே செத்துவிடும்.

தொல்லை தொடங்குவது அவை சாகும்போது. உயிரோடு இருக்கும் குஞ்சை உடல் பொறுத்துக்கொள்கிறது. செத்த குஞ்சின் உடலிலிருந்து வோல்பாகியா என்ற பாக்டீரியா வெளியே சிந்துகிறது. புழுவுக்குள் காலங்காலமாக ஒண்டிக் குடித்தனம் செய்யும் பாக்டீரியா அது. அது இல்லாமல் புழுவால் இனப்பெருக்கம் செய்ய முடியாது. இந்த அந்நியனைக் கண்டதும் உடல் போர் தொடுக்கிறது. அந்தப் போரில் சேதப்படுவது நம் திசுதான். முதலில் அரிப்பு: இரவில் தூங்க விடாத, கல்லையும் குச்சியையும் எடுத்துத் தேய்த்துக்கொள்ள வைக்கும் அரிப்பு. பிறகு தோல் தடித்துச் சுருங்கும். முழங்காலுக்குக் கீழே நிறம் போய்ச் சிறுத்தைத் தோல்போலப் புள்ளி விழும். குஞ்சுகள் கண்ணுக்குள் போய்ச் சாகத் தொடங்கினால், கருவிழி கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துப் பார்வை அணைந்துவிடும். இதுதான் ஆற்றுக் குருடு.

மோசமாகப் பாதிக்கப்பட்ட ஆற்றோர ஊர்களில் பத்தில் ஒருவருக்கும் மேற்பட்டோர் பார்வை இழந்திருந்தார்கள். அதிலும் குடும்பத்தைத் தாங்க வேண்டிய நடுத்தர வயதினர்தான் அதிகம். ஒரு நீளக் குச்சியின் முன்முனையைச் சிறுவன் பிடித்திருக்க, பின்முனையைப் பிடித்துப் பெரியவர் நடப்பார். பையன் பள்ளிக்கூடம் போவதில்லை; அவனுக்கு அதுதான் வேலை. இதில் ஒரு குரூரமான கணக்கும் உண்டு. ஓர் ஊரில் ஈக்கள் இத்தனை என்று வைத்துக்கொண்டால், ஆட்கள் அதிகம் இருந்தால் கடி பங்கிடப்படும். சிலர் ஊரைக் காலி செய்தால், மிஞ்சியிருப்பவர்களுக்கு ஆளுக்கு விழும் கடி கூடும். அதைத் தாங்காமல் இன்னும் சிலர் கிளம்புவார்கள். இப்படித்தான் செழிப்பான பள்ளத்தாக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக ஆளற்றுப் போயின. வறுமைக்குச் சோம்பலையும் அறியாமையையும் காரணமாகச் சொல்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

1972இல் உலக வங்கியின் தலைவர் ராபர்ட் மெக்னமாரா அங்கே வந்தார். வியட்நாம் போரை நடத்திய அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் என்றுதான் உலகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது. அந்தக் கணக்கு தனி. குச்சி பிடித்து நடக்கும் சிறுவர்களைப் பார்த்த அவர், ஏதாவது செய்தாக வேண்டும் என்று முடிவு செய்தார். என்ன செய்வது என்பதை அவர் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. பிரெஞ்சு பூச்சியியலாளர்களும் மேற்கு ஆப்பிரிக்க மருத்துவர்களும் பல ஆண்டுகள் ஆற்றோரம் உட்கார்ந்து ஈக்களை எண்ணி, வழியைக் கண்டு வைத்திருந்தார்கள். 1968இல் டுனிஸ் நகரில் நடந்த கூட்டத்தில், ஈயைக் கட்டுப்படுத்த முடியும், ஆனால் பல நாடுகளில் ஒரே நேரத்தில் செய்ய வேண்டும் என்று எழுதியும் வைத்துவிட்டார்கள். பணம்தான் இல்லை. அதுவரை அணை, சாலை, மின் நிலையம் என்று கடன் கொடுத்து வந்த உலக வங்கி, ஒரு பெரிய நோய்த் தடுப்புத் திட்டத்தில் இறங்கியது இதுவே முதல் முறை.

1974இல் வேலை தொடங்கியது. உலக வங்கி, உலக சுகாதார நிறுவனம், ஐ.நா. வளர்ச்சித் திட்டம், ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு ஆகிய நான்கும் பொறுப்பேற்றன. ஏழு நாடுகளில் தொடங்கிப் பின்னர் பதினொரு நாடுகளுக்குப் பரவியது. தலைமையகம் வாஷிங்டனிலோ ஜெனீவாவிலோ இல்லை. அப்பர் வோல்ட்டாவின் தலைநகர் வாகடூகுவில்.

நான் இந்தக் கட்டுரையை எழுதக் காரணமே அந்தத் திட்டத்தின் கால அளவுதான். அன்று வளர்ந்த புழுவைக் கொல்லப் பாதுகாப்பான மருந்து கிடையாது. ஈயை மட்டும்தான் ஒழிக்கலாம். ஈ இல்லாவிட்டால் புதிதாக யாருக்கும் தொற்றாது. ஆனால் ஏற்கெனவே உடலுக்குள் இருக்கும் புழு பதினைந்து ஆண்டு வரை உயிரோடு இருந்து குஞ்சு போட்டுக்கொண்டேயிருக்கும். பத்தாம் ஆண்டில் செலவு போதும் என்று நிறுத்திவிட்டால், திரும்பி வரும் ஈக்கள் அந்தக் குஞ்சுகளை எடுத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கிவிடும். போட்ட பணம் ஆற்றோடு போகும். ஆகவே கடைசிப் புழுவும் கிழடாகிச் சாகும்வரை, ஒரு வாரம்கூட விடாமல் ஈயை அடக்கி வைக்க வேண்டும். திட்டத்துக்குக் கெடு வைத்தது எந்த அமைச்சரவையும் இல்லை. புழுவின் ஆயுள் வைத்தது. இருபது ஆண்டுத் திட்டம் என்று முதல் நாளே சொல்லிவிட்டுத்தான் பணம் கேட்டார்கள்.

பணக்கார நாடுகளின் நாடாளுமன்றங்கள் ஆண்டுக்கொரு முறை பட்ஜெட் போடுபவை. நான்கைந்து ஆண்டுக்கொரு முறை ஆளையே மாற்றுபவை. அவற்றிடம் இருபது ஆண்டு வாக்குறுதி வாங்க ஓர் ஏற்பாடு செய்தார்கள். உலக வங்கியில் ஒரே ஒரு பொது நிதி. இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளும் நிறுவனங்களும் அதில்தான் பணம் போட வேண்டும். ஆறு ஆண்டுக்கு ஒரு கட்டம் என்று பிரித்து, ஒவ்வொரு கட்டத் தொடக்கத்திலும் அந்த ஆறு ஆண்டுக்கும் சேர்த்து உறுதி வாங்கினார்கள். இன்ன நாட்டின் பணம் இன்ன கிராமத்துக்கு என்று யாரும் தனியாகப் பெயர்ப் பலகை நட முடியாது; தங்கள் நாட்டு ஜீப்பைத்தான் வாங்க வேண்டும் என்று நிபந்தனை போட முடியாது. வளர்ச்சி உதவியின் வரலாற்றில் இவ்வளவு அடக்கமாகப் பணம் கொடுத்த சந்தர்ப்பங்கள் குறைவு.

களத்தில் நடந்தது விசித்திரமான ஒரு வேலை. ஈயின் லார்வாப் பருவம் ஏறத்தாழ ஒரு வாரத்துக்குச் சற்று மேல். ஆகவே வாரம் தவறாமல் ஒவ்வொரு அருவிக்கும், ஒவ்வொரு பாறை மடுவுக்கும் மேலாக ஹெலிகாப்டர் பறந்து, தண்ணீரில் மருந்தைக் கொட்டியாக வேண்டும். உச்சகட்டத்தில் இப்படிக் கவனிக்கப்பட்ட ஆறுகளின் மொத்த நீளம் 50,000 கிலோமீட்டர். மருந்தின் அளவு அன்றைய நீரோட்டத்தைப் பொறுத்தது. கூடினால் மீன் சாகும், குறைந்தால் ஈ பிழைக்கும். அதனால் ஆறுகளில் அளவுமானிகளை நட்டு, நீர்மட்டத்தைச் செயற்கைக்கோள் வழியாக விமானிகளுக்கு அனுப்பினார்கள். செல்போன் இல்லாத காலம் என்பதை நினைவில் வையுங்கள். மருந்தால் ஆற்று மீன்களுக்கும் மற்றப் பூச்சிகளுக்கும் என்ன ஆகிறது என்று பார்க்கத் தனி விஞ்ஞானிகள் குழு ஒன்று கடைசிவரை இருந்தது.

ஈயும் சும்மா இருக்கவில்லை. 1980இல் ஐவரி கோஸ்ட்டில் டெமிஃபாஸ் என்ற முக்கியமான மருந்துக்கு ஈக்கள் தாக்குப்பிடிக்கத் தொடங்கின. நல்லவேளையாக, கொசு லார்வாவையும் இந்த ஈயின் லார்வாவையும் மட்டுமே குறிவைத்துக் கொல்லும் ஒரு பாக்டீரியாவை அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் கண்டுபிடித்திருந்தார்கள். அதையும் வேறு சில மருந்துகளையும் மாற்றி மாற்றிப் போட்டுச் சமாளித்தார்கள். இன்னொரு தலைவலி காற்று. பருவக்காற்றில் ஏறி இந்த ஈ நானூறு கிலோமீட்டர் வரை வந்துவிடும் என்று தெரியவந்தது. துடைத்து வைத்த பள்ளத்தாக்குக்கு அடுத்த நாட்டிலிருந்து விருந்தாளிகள் வந்துகொண்டேயிருந்தார்கள். திட்டம் ஏழு நாடுகளிலிருந்து பதினொன்றாக விரிந்ததற்கு அதுதான் காரணம். ஈக்கு எல்லைக்கோடு தெரியாது என்பதைக் கொடை நாடுகளுக்குப் புரியவைத்து மேற்கொண்டு பணம் வாங்க வேண்டியிருந்தது. வாங்கினார்கள்.

இதற்கிடையில் உலகின் மறுகோடியில், ஜப்பானில், ஒரு கைப்பிடி மண் கதையை மாற்றிக்கொண்டிருந்தது.

கிட்டசாட்டோ நிறுவனத்தின் சதோஷி ஓமுரா போகும் இடமெல்லாம் மண் சேகரிக்கும் பழக்கமுள்ளவர். ஷிசுவோக்கா பகுதியில் கவானா என்ற கடற்கரை ஊரின் கோல்ஃப் மைதானத்துக்கு அருகே அவர் எடுத்த மண்ணில் ஒரு நுண்ணுயிர் இருந்தது. அதை அமெரிக்க மருந்து நிறுவனமான மெர்க்குக்கு அனுப்பினார். அங்கே வில்லியம் கேம்ப்பெல்லின் குழு, அது சுரக்கும் பொருள் புழுக்களைக் கொல்வதைக் கண்டது. அதிலிருந்து வந்ததுதான் ஐவர்மெக்டின். கொரோனா காலத்தில் வேண்டாத காரணத்துக்காகப் பேர் அடிபட்ட அதே மருந்து. கொரோனாவுக்கு அதனால் பயனில்லை என்று பெரிய ஆய்வுகள் பிறகு காட்டின. புழு விஷயத்தில் அதற்கு நிகர் கிடையாது. எத்தனையோ நாட்டு மண்ணைச் சலித்தும், இந்தப் பொருளைச் சுரக்கும் நுண்ணுயிர் இயற்கையில் வேறெங்கும் அகப்படவில்லை என்கிறார்கள். ஓமுராவுக்கும் கேம்ப்பெல்லுக்கும் 2015இல் நோபல் பரிசு கிடைத்தது.

முதலில் அது மாட்டுக்கும் குதிரைக்குமான மருந்தாக 1981இல் சந்தைக்கு வந்து கொள்ளை லாபம் ஈட்டியது. மனிதருக்கும் பலிக்குமா என்று அதே ஆண்டு செனகல் நாட்டின் டக்கார் நகரில் மெர்க்கின் மருத்துவர் முகமது அசீஸ் சோதித்துப் பார்த்தார். பலித்தது. ஒரு வேளை மாத்திரையில் தோலிலுள்ள குஞ்சுகள் மறைந்தன. ஆனால் இந்த மருந்து தேவைப்படுபவர்களிடம் காசு இல்லை. அவர்களுடைய அரசுகளிடமும் இல்லை. விலை கொடுத்து வாங்கி விநியோகிக்க யாராவது முன்வருவார்களா என்று நிறுவனம் தேடிப் பார்த்தது. யாரும் வரவில்லை. 1987 அக்டோபரில் மெர்க்கின் தலைவர் ராய் வேஜலோஸ், ஆற்றுக் குருட்டுக்கு இந்த மருந்தை இலவசமாகவே தருவோம், எவ்வளவு தேவையோ அவ்வளவு, எத்தனை காலம் தேவையோ அத்தனை காலம் என்று அறிவித்தார். கால்நடை மருந்தில் சம்பாதித்த நிறுவனம், நற்பெயரும் வரிச் சலுகையும் சேர்த்தே கிடைக்கும் என்று முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். வாக்கு இன்றுவரை காப்பாற்றப்படுகிறது.

அந்த வாக்குறுதியின் கடைசிப் பகுதி, 'எத்தனை காலம் தேவையோ' என்பது, வெறும் தாராளமாகத் தோன்றலாம். அதில்தான் விஞ்ஞானம் இருக்கிறது. ஐவர்மெக்டின் குஞ்சுகளைத்தான் ஒழிக்கும். தாய்ப்புழுவைக் கொல்லாது, சில மாதங்களுக்கு மலடாக்கும், அவ்வளவுதான். பிறகு அது மீண்டும் ஈனத் தொடங்கும். ஆகவே ஆண்டுக்கு ஒரு முறையாவது, ஊரில் பெரும்பாலோருக்கும், தாய்ப்புழு கிழடாகிச் சாகும்வரை, பத்துப் பதினைந்து ஆண்டு கொடுத்துக்கொண்டேயிருக்க வேண்டும். ஹெலிகாப்டருக்கு வைத்த அதே கெடுவைப் புழு மாத்திரைக்கும் வைத்தது. மூன்று ஆண்டு இலவசம், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தால் அந்த மாத்திரைகள் அரிப்பைத் தணித்திருக்கும், நோயை ஒழித்திருக்காது.

மாத்திரை இலவசம். ஆனால் அதைச் சாலையில்லாத ஊருக்கு யார் கொண்டுபோவது? மருத்துவர் வந்து, எடை போட்டு, அளவு கணக்கிட்டுக் கொடுப்பதென்றால் நடக்காது. இந்த மருந்தின் அளவை உடல் எடையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்றாலும், உயரத்தை வைத்தே ஏறத்தாழச் சரியாகச் சொல்லிவிட முடியும். கோடு போட்ட ஒரு கம்பு போதும். கம்பருகே நிற்க வைத்து, தலை எந்தக் கோட்டைத் தொடுகிறதோ அத்தனை மாத்திரை. கீழ்க்கோட்டையும் எட்டாத குழந்தைக்குக் கிடையாது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் தவறில்லாமல் செய்துவிடலாம். 1995இல், ஹெலிகாப்டர் திட்டம் எட்டாத மத்திய, கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளையும் நைஜீரியாவையும் சேர்த்துத் தொடங்கிய இரண்டாவது பெருந்திட்டம் இந்தக் கம்பை நம்பித்தான் ஓடியது. மாத்திரை கொடுப்பவரைக் கிராமமே தேர்ந்தெடுக்கும். எந்த மாதம் கொடுப்பது, வீடு வீடாகவா மரத்தடியிலா என்பதையும் கிராமமே முடிவு செய்யும். அறுவடைக் காலத்தில் வந்து நின்று ஆள் கூடவில்லை என்று அதிகாரிகள் அலுத்துக்கொள்ளும் காட்சிக்கு அங்கே இடமில்லை.

அந்தத் திட்டத்துக்குப் பின்னாளில் தலைவரான நைஜீரிய விஞ்ஞானி ஊச்சே அமாசிகோவை இங்கே சொல்ல வேண்டும். பார்வை போவதை மட்டுமே நோயாகக் கணக்கிட்டுக்கொண்டிருந்த நிபுணர்களிடம், அரிப்பும் தோல் விகாரமுமே பெண்களின் வாழ்க்கையை எப்படிச் சிதைக்கிறது என்று ஆய்வு செய்து காட்டியவர் அவர். தோல் கெட்டவளைக் கட்டிக்கொள்ள மாட்டார்கள். கட்டியவன் விட்டுவிட்டுப் போவான். அரிப்பால் தூக்கமில்லாத தாயிடம் குழந்தைக்குப் பாலூட்டும் தெம்பும் இருக்காது. குருடாக்காத இடங்களிலும் இது பெரிய நோய்தான் என்று ஏற்கப்பட்ட பிறகே பல பகுதிகளுக்கு மாத்திரை போய்ச் சேர்ந்தது. கொடுக்கும் நாட்டுக்குக் கண்ணில் படாத துன்பத்தை, வாங்கும் நாட்டின் விஞ்ஞானியால் காட்ட முடிந்தது. உதவித் தொகையில் ஒரு பங்கு அந்த நாட்டு ஆய்வாளர்களுக்குப் போக வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

2002இல் ஹெலிகாப்டர் திட்டம் முடித்துக்கொள்ளப்பட்டது. உள்நாட்டுப் போர் நடந்த சியரா லியோன் தவிர, மற்றப் பத்து நாடுகளில் நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இறங்கியிருந்தது. ஆறு லட்சம் பேரின் பார்வை காப்பாற்றப்பட்டதாகவும், இரண்டரைக் கோடி ஹெக்டேர் நிலம் மீண்டும் விவசாயத்துக்குக் கிடைத்ததாகவும் கணக்கு. இருபத்தெட்டு ஆண்டுகளுக்கும் சேர்த்து ஆன செலவு 60 கோடி டாலருக்குள். பாதுகாக்கப்பட்ட ஆளுக்கு ஆண்டுக்கு ஒரு டாலர்கூட ஆகவில்லை. இதை முதலீடாகப் பார்த்தால் ஆண்டுக்குச் சுமார் 20 சதவீதம் வருவாய் என்று உலக வங்கிப் பொருளாதார நிபுணர்கள் மதிப்பிட்டார்கள். அணைக்கும் சாலைக்கும் கொடுத்த பல கடன்கள் இதன் பக்கத்தில்கூட வரவில்லை.

குறைகளும் இருந்தன. ஈ ஒழிந்த பள்ளத்தாக்குகளில் அரசு திட்டமிட்டுக் குடியேற்றிய குடும்பங்களைவிடத் தாங்களாகவே வந்து குந்தியவர்கள் அதிகம். யாருடைய நிலம் என்ற சண்டை, காடழிப்பு, மேய்ச்சல்காரருக்கும் உழவருக்கும் தகராறு எல்லாம் வந்தன. மாத்திரைத் திட்டத்தில் எனக்கு உறுத்துவது வேறொன்று. கம்பைத் தூக்கிக்கொண்டு ஆண்டுதோறும் வீடு வீடாக நடந்த லட்சக்கணக்கான கிராமத்தவர்களுக்குச் சம்பளம் கிடையாது. பெரும்பாலும் ஒன்றும் கிடையாது. மருந்தின் மதிப்பைக் கோடிக்கணக்கான டாலராகக் கணக்குக் காட்டும் ஆவணங்களில் அவர்களுடைய உழைப்பு தொகையாக ஏறவில்லை. உண்மையில் ஏழைகளும் இதில் கொடையாளர்கள்தான்.

வளர்ச்சி உதவி பற்றிய பேச்சு பெரும்பாலும் எவ்வளவு என்பதிலேயே நின்றுவிடுகிறது. பணக்கார நாடுகள் தம் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தை உதவியாகத் தர வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 1970இல் தீர்மானித்தது. 2024இல் அவை கொடுத்தது சராசரியாக 0.33 சதவீதம், இலக்கைத் தொட்டவை நார்வே, சுவீடன், டென்மார்க், லக்சம்பர்க் ஆகிய நான்கு நாடுகள் மட்டும். தொகை போதாது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஆற்றுக் குருடு சொல்லும் பாடம் தொகையைவிடக் காலத்தைப் பற்றியது. ஒவ்வொரு பிரச்சினைக்குள்ளும் ஒரு கடிகாரம் ஓடுகிறது. கொடுப்பவர் தன் கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு அதைப் பார்க்க வேண்டும்.

நிமோனியா தடுப்பூசியில் இது வேறு உருவத்தில் நடந்தது. தடுப்பூசித் தொழிற்சாலை கட்டப் பல ஆண்டும் பெருந்தொகையும் ஆகும். ஏழை நாடுகள் வாங்குமா என்ற சந்தேகத்தில் நிறுவனங்கள் தயங்கின. பொருளாதார நிபுணர் மைக்கேல் கிரெமரும் வேறு சிலரும் ஒரு யோசனை சொன்னார்கள்: ஆராய்ச்சிக்குப் பணம் தராதீர்கள், நல்ல தடுப்பூசி வந்தால் இந்த விலைக்கு இத்தனை வாங்குவோம் என்று முன்கூட்டியே சட்டப்படி உறுதி கொடுங்கள். 2009இல் இத்தாலி, பிரிட்டன், கனடா, ரஷ்யா, நார்வே, கேட்ஸ் அறக்கட்டளை சேர்ந்து 150 கோடி டாலர் உறுதி அளித்தன. நிறுவனங்கள் பத்தாண்டு ஒப்பந்தத்தில் ஊசி வழங்க முன்வந்தன. பணக்கார நாட்டுக் குழந்தைக்கு வந்த தடுப்பூசி ஏழைக் குழந்தைக்கு வர பத்துப் பதினைந்து ஆண்டு ஆகும் என்ற பழைய இடைவெளி இதில் வெகுவாகச் சுருங்கியது. பின்னர் புனேயின் சீரம் நிறுவனமும் களத்தில் இறங்கி, ஓர் ஊசி 2 டாலருக்குத் தரத் தொடங்கியது.

பொறுமை வேண்டிய இடத்தில் அவசரப்படும் பெரிய நாடுகள், அவசரம் வேண்டிய இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருப்பதும் உண்டு. சாம்பியா 2020 நவம்பரில் கடனைத் திருப்ப முடியாமல் கைவிரித்தது. அதே மாதம்தான் ஜி20 நாடுகள், இப்படிப்பட்ட நாடுகளின் கடனைச் சீரமைக்க ஒரு பொதுச் சட்டகத்தை அறிவித்திருந்தன. சில மாதங்களில் சாம்பியா விண்ணப்பித்தது. சீனாவும் பிரான்சும் தலைமை தாங்கிய, கடன் கொடுத்த அரசுகளின் குழு உடன்பட 2023 ஜூன் ஆகிவிட்டது. பத்திரம் வைத்திருந்த தனியார் முதலீட்டாளர்கள் ஒத்துக்கொள்ள 2024 ஆனது. இந்த மூன்றரை ஆண்டில் அந்த நாட்டில் யார் புதிதாக முதலீடு செய்வார்கள்? இங்கே ஓடுவது வேறொரு கடிகாரம். அதற்கு மாதக்கணக்கில் பதில் சொல்ல வேண்டும்.

2025இல் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவி அமைப்பான யு.எஸ்.எய்டையே கலைத்துவிட்டது. பிரிட்டன் தன் உதவியை 2027க்குள் 0.3 சதவீதமாகக் குறைக்கப்போவதாக அறிவித்தது. இந்த மாத்திரை விநியோகத்துக்குப் பல நாடுகளில் பக்கபலமாக இருந்தது அமெரிக்கப் பணம். மெர்க்கின் மாத்திரை இப்போதும் இலவசம்தான். அதைக் கிடங்கிலிருந்து கிராமத்துக்குக் கொண்டுபோகும் செலவுக்கு வழியில்லை என்றால் காலாவதித் தேதி வரும், குப்பைக்குப் போகும். உதவியை வெட்டியவர்கள் ஒரு சாலைத் திட்டத்தை நிறுத்துவதுபோல இதையும் நினைத்திருப்பார்கள். பாதிச் சாலை பாதிச் சாலையாகவே கிடக்கும். பாதியில் விட்ட நோய்த் தடுப்பு தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிடும். புழுவுக்கு அரசியல் தெரியாது. நாளுக்கு ஆயிரம் குஞ்சு போடத்தான் தெரியும்.

அதே 2025 ஜனவரியில் நைஜரில் ஆற்றுக் குருடு முற்றிலும் ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. உலகில் ஐந்தாவது நாடு, ஆப்பிரிக்காவில் முதல் நாடு. மற்ற நான்கான கொலம்பியா, ஈக்வடார், மெக்சிகோ, குவாத்தமாலா எல்லாம் லத்தீன் அமெரிக்காவில். நைஜரில் 1976இல் ஹெலிகாப்டர் வேலை தொடங்கியது. யானைக்கால் நோய்க்காகக் கொடுத்த ஐவர்மெக்டின் மாத்திரைகள் மிச்ச வேலையை முடித்தன. ஏறத்தாழ அரை நூற்றாண்டு. இடையில் அங்கே எத்தனை ராணுவப் புரட்சிகள், எத்தனை பஞ்சங்கள்! 2017 மதிப்பீட்டின்படி உலகில் சுமார் 2 கோடிப் பேர் உடலில் இந்தப் புழு இருந்தது. பதினோரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதனால் பார்வை இழந்தோ பார்வை குறைந்தோ இருந்தார்கள். அநேகமாக எல்லோரும் ஆப்பிரிக்கர்கள்.

நமக்கு இதில் என்ன? யானைக்கால் நமக்குத் தெரிந்த நோய். அதுவும் உருளைப்புழுவால் வருவதுதான். ஆண்டுதோறும் மாத்திரை கொடுத்தே இலங்கை அதை ஒழித்து 2016இல் சான்று பெற்றது. இந்தியாவில் 2018 முதல் சில மாவட்டங்களில் மற்ற மாத்திரைகளோடு ஐவர்மெக்டினும் கொடுக்கிறார்கள். இதைவிட முக்கியம், பெரிய பொருளாதாரங்கள் என்று சொல்லும்போது அந்தப் பட்டியலில் இன்று இந்தியாவும் இருக்கிறது. 2023இல் டெல்லியில் நடந்த ஜி20 மாநாட்டில்தான் ஆப்பிரிக்க ஒன்றியம் அந்த அமைப்பின் உறுப்பினரானது. மருந்து தயாரிப்பதில் நமக்கிருக்கும் தேர்ச்சி கொடை நாடுகள் பலவற்றுக்குக் கிடையாது. ஆண்டுதோறும் பட்ஜெட்டில் வெளியுறவு அமைச்சகத்தின் தலைப்பின் கீழ் எந்த நாட்டுக்கு எவ்வளவு உதவி என்று ஒரு பட்டியல் வெளியாகிறது. அதில் தொகை மட்டும் இருக்கும். அதற்குப் பக்கத்தில் 'எத்தனை ஆண்டுகளுக்கு' என்று இன்னொரு கட்டத்தையும் சேர்க்கச் சொல்லி, அடுத்த முறை உங்கள் தொகுதி எம்.பி.யைப் பார்க்கும்போது கேளுங்கள்.